ஐந்து கிழமையில் தடுசாக் போய்த் திரும்பலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். 30 அடிப் பாய்ப்படகு, டீசல் எஞ்சின் உண்டு. மூன்று பேர். ஒன்ராரியோ ஏரியில் ஓடிப் பழக்கம், ஆறு புதிது. ஜூலையில் ஐந்து கிழமை லீவு. சென் லோரன்ஸ் ஆற்றில் தடுசாக் வரை போய், திமிங்கிலம் பார்த்துவிட்டு அதே படகில் திரும்ப யோசிக்கிறோம். பாய்மரத்தை இறக்க வேண்டி வருமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் கணக்குப் போடலாம்?

பதில்: மரத்தை இறக்கத் தேவையில்லை. கப்பல் வழியில் உள்ள அசையாப் பாலங்கள் 35 மீற்றருக்கும் மேலே நிற்கின்றன. தாழ்ந்தவை தூக்குப் பாலங்கள், காத்திருந்தால் திறப்பார்கள். மொன்றியலில் லஷீன் கால்வாய்க்குள் மட்டும் திரும்பிவிடாதீர்கள், அங்கே பாலங்கள் இரண்டரை மீற்றர் உயரம்கூட இல்லை.

சிக்கல் உங்கள் இரண்டாவது கேள்வியில்தான். ரொறன்ரோவிலிருந்து தடுசாக் ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர். போய்வர 2,000 என்றால் 35 நாளுக்கு, நாளொன்றுக்கு 57 கிலோமீற்றர். 5 நொட் (மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர்) ஓடும் படகுக்கு ஆறேகால் மணித்தியால வேலை. கடதாசியில் அழகாக இருக்கிறது. ஆனால் போகும் கிலோமீற்றரும் வரும் கிலோமீற்றரும் ஒன்றல்ல. கோடையில் இந்த ஆற்றில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. போகும்போது காற்றும் நீரோட்டமும் முதுகில், திரும்பும்போது இரண்டும் முகத்தில். திரும்பும் வழியில் பாயைவிட எஞ்சின்தான் அதிகம் வேலை செய்யும். ஆகவே லீவில் ஐந்தில் இரண்டு பங்கைப் போக்குக்கும் மூன்று பங்கை வரவுக்கும் ஒதுக்குங்கள். எங்கே திரும்புவது என்பதைவிட எந்த நாளில் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 14ஆம் நாள் காலையில் எந்த மரீனாவில் நிற்கிறீர்களோ, அங்கிருந்தே அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, மேற்கே திருப்ப வேண்டும்.

ஒன்ராரியோ ஏரிக்கும் மொன்றியலுக்கும் நடுவில் ஏழு லொக்குகள், அதாவது படகை உள்ளே விட்டு நீரை ஏற்றி இறக்கும் கதவடைப்புகள். ஐந்து கனடாவுடையவை, ஐசன்ஹவர், ஸ்னெல் இரண்டும் அமெரிக்காவுடையவை. 1959இல் திறந்த இந்த வழி சரக்குக் கப்பல்களுக்காகக் கட்டியது. கப்பல் வந்தால் அதற்குத்தான் முதலிடம், நீங்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் இதற்கென்றே கழித்துவிடுங்கள். இரோக்குவா லொக்கில் மட்டம் சொற்பந்தான் மாறும். போஆர்னுவாவில் அடுத்தடுத்து இரண்டு லொக்குகள், சேர்த்து ஏறக்குறைய 25 மீற்றர் இறக்கம். அங்கே மேலேயிருந்து அணியத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாகக் கயிறு தருவார்கள். அதைப் படகில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. நீர் இறங்க இறங்க, கையுறை போட்ட ஒருவர் கயிற்றை நழுவ விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிவிட்டால் நீர் கீழே போகும், படகு சுவரில் தொங்கும். அமெரிக்க லொக்குகளில் சுவருக்குள்ளேயே மிதக்கும் கட்டுத்தூண்கள் நீரோடு இறங்கும், அவற்றில் உங்கள் கயிற்றைச் சுற்றிப் பிடித்தால் போதும்.

மொன்றியலில் பழைய துறைமுகத்தைத் தவிர்ப்பதே நல்லது. கப்பல் கால்வாய் அதற்குக் கீழேதான் ஆற்றில் சேர்கிறது, ஆகவே போகும்போதும் வரும்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே அங்கே ஏற வேண்டும். ஜாக் கார்த்தியே பாலத்தடியில் சென் மேரி நீரோட்டம் 5 நொட்டைத் தாண்டும். கீழிருந்து எதிர்த்து ஏறினால் எஞ்சின் அலற, கரையிலுள்ள மரங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திரும்பி வரும்போது எதிர்க்கரையில் லோங்கேய் மரீனாவில் தங்கி, மறுநாள் நேரே கப்பல் கால்வாய்க்குள் நுழைந்துவிடுங்கள்.

துறுவா ரிவியேர் நகரைத் தாண்டினால் வற்றுப்பெருக்கு ஆட்சி: கடலோடு சேர்ந்து ஆறும் ஏறும் (பெருக்கு), இறங்கும் (வற்று). கியூபெக் நகரில் நீர்மட்ட வித்தியாசம் 5 மீற்றரை மீறும் நாட்கள் உண்டு. அங்கே பெருக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம், வற்று ஏழுக்கும் மேல். ஏரிக்காரர் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். விடியற்காலையில் புறப்படும் பழக்கத்தை விட்டு, நீர் அட்டவணை சொல்லும் நேரத்துக்குப் புறப்படப் பழக வேண்டும், அது பின்னிரவு 3 மணியானாலும் சரி. திரும்பி ஆற்றில் மேலேறும்போது ஒரு வசதி உண்டு. பெருக்கும் உங்களோடு சேர்ந்து மேற்கே நகர்வதால், கியூபெக்கில் அது தொடங்கும்போதே கிளம்பினால் கரையில் நிற்பவருக்குக் கிடைப்பதைவிட நீண்ட நேரம் உங்களுக்குக் கிடைக்கும். அந்த ஒரு பெருக்கிலேயே போர்நெஃப் சேர்ந்துவிடப் பாருங்கள். அதற்கு மேலே ரிஷெலியூ விரைவோட்டம், வற்றில் அதை எதிர்க்க உங்கள் எஞ்சினால் முடியாது. அடுத்த பெருக்குக்குக் காத்திருங்கள். கனேடிய நீர்வரைபடச் சேவையின் நீரோட்ட வரைபடத்தொகுப்பு இந்தப் பகுதிக்குக் கிடைக்கிறது, அது இல்லாமல் போகாதீர்கள்.

கியூபெக்குக்குக் கீழே இன்னும் 200 கிலோமீற்றர், முழுப் பயணத்திலும் கடினமானது இதுதான். இல் ஓ கூத்ர் தீவுக்கு வடக்கே வற்று 6 நொட்டுக்கும் மேல் ஓடும். எதிரே வடகிழக்குக் காற்று பிடித்தால் குத்துக் குத்தாக அலை எழும், அன்று வெளியே போகவே வேண்டாம். தடுசாக்கில், கடலிலிருந்து நீரடியில் வரும் ஆழ்கடல் வாய்க்கால் திடீரென முடிவதால் அடிநீர் மேலே ஏறுகிறது. திமிங்கிலங்களுக்கு இரை கொழிப்பதும், ஜூலையிலும் மூடுபனி இறங்குவதும் அந்தக் குளிர்நீரால்தான். விழுந்தவருக்கு அதில் அதிக நேரமில்லை. பெலூகா திமிங்கிலத்துக்கு 400 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். தடுசாக்கில் வந்து சேரும் சாகுனே ஆற்றில் சென்ற் மார்கரித் குடா கோடையில் படகுகளுக்கு மூடப்பட்டிருக்கும்.

ஐந்து கிழமைக்கு என் தீர்ப்பு: கியூபெக் நகரில் திரும்புங்கள். படகை அங்கே கட்டிவிட்டு வாடகைக் காரில் தடுசாக் போங்கள், மூன்று மணித்தியாலம்தான். சாகுனேயைக் கடக்கும் பாதைப் படகு இலவசம். அங்கே திமிங்கிலம் பார்க்கப் பெரிய படகுகள் இருக்கின்றன. சொந்தப் படகில்தான் போக வேண்டும் என்றால் ஏழு கிழமை எடுங்கள், அல்லது படகைத் திரும்ப லொறியில் ஏற்ற ஆள் பாருங்கள்.

கடைசியாகக் கடதாசிகள்: படகோட்டி அட்டை, விஎச்எஃப் வானொலிச் சான்றிதழ், மூவரின் கடவுச்சீட்டு. ஆயிரம் தீவுகளில் அமெரிக்கக் கரையில் கால் வைத்தால் அந்நாட்டு எல்லை அதிகாரிகளுக்கும், திரும்பும்போது கனடாவுக்கும் அறிவிக்க வேண்டும். டீசல் வடிகட்டியும் எஞ்சின் பெல்ட்டும் இரண்டிரண்டு மேலதிகமாக வாங்கி வையுங்கள், திரும்பும் வழியில் தேவைப்படும்.