டிசம்பர் 25 அன்றுதான் பண்டிகை தொடங்குகிறது

வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தைப் பற்றியும் அந்தப் பிறப்பு விழாவைப் பற்றியும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஏக்கத்தைச் சொல்கின்றன: பண்டிகை வந்து போய்விடுகிறது, அதனோடு இருக்கத்தான் நேரமில்லை. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நவம்பர் கடைசியில் வெள்ளையடிப்பு, துணி எடுப்பு, தையற்கடைக்கு அலைச்சல் என்று தொடங்கிவிடுகிறது. டிசம்பர் பிறந்தால் பாடகர் குழுப் பயிற்சி, கேரல் வருகிறவர்களுக்குக் காப்பி, பலகாரம் சுடுவது, அதைச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தனுப்புவது. நள்ளிரவுத் திருப்பலியில் எனக்குக் கண் சொக்குகிறது. மறுநாள் மதியம் பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது, “அவ்வளவுதானா?” என்று மனம் கேட்கிறது. இதில் எதைக் குறைப்பது?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

சகோதரி, எதைக் குறைப்பது என்று கேட்கிறீர்கள். குறைப்பதைக் காட்டிலும் தள்ளிவைப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளில் வீண் வேலை என்று ஒன்றுமே இல்லை. அவை அனைத்தும் 25-ஆம் தேதிக்கு முன்னால் வந்து குவிந்திருப்பதுதான் தொல்லை.

திருச்சபையின் நாட்காட்டியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். புனித அந்திரேயாவின் திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. ஞாயிறுகள் நான்கு, கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வருகிறது என்பதைப் பொறுத்து இக்காலம் 22 நாள்களாகவும் இருக்கலாம், 28 நாள்கள் வரை நீளவும் செய்யலாம். குருவானவர் ஊதா நிறத் திருவுடை அணிகிறார். ஆண்டு முழுவதும் ஞாயிறு திருப்பலிகளில் நாம் பாடும் வானவர் கீதத்தை இந்த ஞாயிறுகளில் பாடுவதில்லை. பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடியதாக லூக்கா எழுதியிருக்கும் அந்தப் பாட்டை, அது முதலில் ஒலித்த இரவுக்கென்று திருச்சபை வேண்டுமென்றே எடுத்துவைக்கிறது. நள்ளிரவுத் திருப்பலியில் பீடச் சிறுவர்கள் மணியை அசைக்க, கோவில் மணியும் சேர்ந்து ஒலிக்க, அந்தக் கீதம் மீண்டும் எழும்பும்போது சிலருக்கு ஏன் கண் நிறைகிறது என்றால், அவர்கள் நான்கு வாரங்கள் அதைப் பாடாமல் இருந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வருவது ஒரே ஒரு நாள் கொண்டாட்டமன்று. பிறப்பு விழாவுக்கு எட்டு நாள் கொண்டாட்டம் உண்டு. எட்டாம் நாளான ஜனவரி 1 அன்னை மரியாவுக்குரிய பெருவிழா. மூன்று ராஜாக்கள் திருநாள் என்று நம் பாட்டிமார் சொன்ன திருக்காட்சிப் பெருவிழா ஜனவரி 6-ஆம் தேதியோ அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமையிலோ வருகிறது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவடைகிறது. நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். காத்திருக்க வேண்டிய நாள்களில் கொண்டாடி முடித்துவிட்டு, கொண்டாட வேண்டிய நாள்களில் களைத்துப் படுத்துவிடுகிறோம்.

ஆகவே, சொந்தக்காரர் வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுபோவதை 26-ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை; அவர்களையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று போய், அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். முறுக்கும் அதிரசமும் அதுவரை கெடாது. தோழிகளை வீட்டுக்கு அழைப்பது, பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்ப்பது போன்ற, நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் ஜனவரி முதல் வாரம் வரை இடம் இருக்கிறது.

முன்னால் இருக்கும் நாள்களில் ஒரு வாரத்தை மட்டும் கேட்பேன். டிசம்பர் 17 முதல் 23 வரையிலான ஏழு மாலைகளில், திருச்சபையின் மாலை மன்றாட்டு மெசியாவை நாளுக்கொரு பெயரால் அழைக்கிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. பல நூற்றாண்டுகளாக இந்த வரிசை மாறவில்லை. அடுப்பை அணைத்த பிறகு, படுக்கப் போவதற்கு முன், கால் மணி நேரம் அன்றைய பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வேறு எதையும் படிக்க வேண்டாம். 21-ஆம் தேதிக்குரியது விடியலே என்னும் பெயர். வடகோளத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவு அந்த நாளையொட்டியே வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரியாணிச் சட்டியைக் கவிழ்க்கும்போது எழும் அந்தக் கேள்வியைக் குறையாக நினைக்காதீர்கள். இடையர்கள் வந்து, கண்டு, வியந்து, திரும்பிப் போகிறார்கள்; மரியாவோ நடந்தவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. பேறுகாலமும் விருந்தாளிகளும் முடிந்த பிறகும் அவர் அந்த நிகழ்ச்சிகளோடே இருக்கிறார். 25-ஆம் தேதி மதியம் உங்களுக்குக் கிடைப்பதும் அந்த நேரம்தான். சட்டி அங்கேயே கிடக்கட்டும், சற்று உட்காருங்கள்.

எங்கள் ஆலயத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் வைத்த பசுமை வளையத்தை ஞாயிறுதோறும் ஏற்றுகிறோம். இது வெறும் அலங்காரமா, பொருள் உண்டா? வீட்டிலும் வைக்கலாமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

இது குழந்தைகளின் கேள்வியிலிருந்து பிறந்த வழக்கம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகே ஏழைச் சிறுவர்களுக்காக ஓர் இல்லத்தை நடத்திய லூத்தரன் இறையியலாளர் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1839-ஆம் ஆண்டில் ஒரு மரச் சக்கரத்தின்மீது மெழுகுவர்த்திகளை நட்டார். வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு வர்த்திகள், ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை வர்த்திகள். நாளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வந்தார்கள். பசுந்தழை சேர்ந்ததும், வர்த்திகள் நான்காகச் சுருங்கியதும் பின்னால் நடந்தவை. கத்தோலிக்கக் கோவில்களில் மூன்று வர்த்திகள் ஊதாவாகவும், மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிற்றுக்குரியது ரோஜா நிறத்திலும் இருக்கும்.

வீட்டில் தாராளமாக வைக்கலாம். ஒரு தாம்பாளம், மாவிலையோ வேப்பிலையோ, நான்கு மெழுகுவர்த்திகள் போதும். நம் வீட்டு முற்றத்தில் கிடைக்கும் பசுமை எந்த ஊசியிலைக்கும் குறைந்ததன்று. ஞாயிறு இரவு உணவுக்கு முன் மின்விளக்கை அணைத்துவிட்டு ஏற்றுங்கள், உண்டு முடிக்கும்வரை எரியட்டும். நான்காம் ஞாயிறு அன்று தாம்பாளத்தைக் கூர்ந்து பாருங்கள். நான்கும் ஒரே உயரத்தில் வாங்கியவையே. ஆனால் முதலாவது அடிவரை உருகி, மெழுகு வழிந்து உறைந்து, தட்டையாய்ப் போயிருக்கும். நான்காவது அப்போதுதான் திரி கறுத்து முழு உயரத்தில் நிற்கும். காத்திருந்த வாரங்களை அந்தப் படிக்கட்டில் கண்ணாலேயே அளந்துவிடலாம். புதிய வர்த்தி வாங்கி உயரத்தைச் சமப்படுத்த வேண்டாம் என்பது என் விருப்பம்.

எனக்கு 6 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். பரிசு எப்போது வரும், எந்தப் பொட்டலத்தில் வரும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நினைவில்லை. அவர்களை எப்படிப் பொறுமையாக இருக்கப் பழக்குவது?
– ஒரு வாசகி, சென்னை

பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, மெதுவாக வளரும் ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். குடில்தான் அதற்குச் சரியானது. 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலைச்சிற்றூரில், புனித பிரான்சிஸ் அசிசியார் தீவனத்தொட்டியில் வைக்கோல் நிரப்பி, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அங்கேயே நள்ளிரவுத் திருப்பலி நடக்கச் செய்தார். பெத்லகேமின் வறுமையை ஊரார் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நாமோ அட்டைப்பெட்டியைத் திறந்து எல்லாச் சுரூபங்களையும் ஒரே மாலையில் அடுக்கிவிட்டு, சீரியல் விளக்கையும் மாட்டிவிடுகிறோம். அதற்குப் பதிலாக, டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு தட்டில் மண் பரப்பி, ஒரு கைப்பிடி கேழ்வரகைத் தூவச் சொல்லுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது சின்னவரின் பொறுப்பாக இருக்கட்டும். இரண்டு மூன்று நாள்கள் ஒன்றுமே தெரியாது. பிள்ளை மண்ணைக் கிளறிப் பார்க்கும், கிளறினால் முளை ஒடியும் என்று அதுவே தெரிந்துகொள்ளும். பிறகு ஊசிமுனை போலப் பச்சை எட்டிப் பார்க்கும். கிறிஸ்துமஸுக்குள் அது குடிலுக்கு வேண்டிய புல்வெளியாகிவிடும்.

முதலில் மாடும் கழுதையும் வரட்டும். 24-ஆம் தேதி மாலை மரியாவும் யோசேப்பும் வந்து சேரட்டும். தொட்டி அதுவரை காலியாக இருக்கட்டும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருந்தாலும், பிள்ளைகளே குழந்தை இயேசுவின் சுரூபத்தை வைக்கட்டும். மூன்று ஞானிகளைப் புத்தக அலமாரியிலோ சாளரத்து விளிம்பிலோ தொலைவில் நிறுத்தி, நாளுக்கு ஒரு முழம் நகர்த்திக்கொண்டே வாருங்கள். அவர்கள் ஜனவரி 6 அன்று குடிலை அடைவார்கள். ஞானிகள் மூவர் என்று மத்தேயு எங்கும் எழுதவில்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைகளைத்தான் மூன்றாகச் சொல்கிறார் என்பதை உங்கள் ஒன்பது வயதுக்காரருக்குக் காட்டுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இத்தகைய செய்தி மிகவும் பிடிக்கும். பரிசுகளில் ஒன்றையாவது அந்த நாளுக்கென்று ஒதுக்கிவைப்பதும் நல்லது.

பலகாரங்களைக் கடையில் வாங்கிவிட்டால் நேரம் மிச்சமாகும் என்கிறேன். மாமியார் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

மற்றவற்றைக் கடையில் வாங்குங்கள். முந்திரிக்கொத்தை மட்டும் மாமியாரோடு சேர்ந்து வீட்டில் செய்யுங்கள்.

காரணம் சொல்கிறேன். அது அவசரத்துக்கு வராத பலகாரம். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து, மாவாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலைச் சிறுதீயில் பொன்னிறமாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; கண்ணை எடுத்தால் கருகும். எள், ஏலம், சுக்கு சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றி, சூடு பொறுக்கும் நிலையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உருட்ட வேண்டும். சூடு ஆறினால் மாவு உதிரும், ஆகவே ஒருவர் கலக்க இருவர் உருட்ட வேண்டும். பிறகு ஓர் இரவு முழுவதும் உருண்டைகளைச் சும்மா விட்டுவிட வேண்டும். மறுநாள் மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விட்டால், அவை ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலை போல மேலே வரும். அந்தத் தோற்றம்தான் பெயருக்குக் காரணம்; திராட்சைக்குக் கொடிமுந்திரி என்றும் பெயர் உண்டு. உள்ளே முந்திரிப்பருப்பு கிடையாது.

என் தாயார் உருட்டும்போதுதான் தம் கல்யாணக் கதையைச் சொல்வார். கை ஓடிக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். உங்கள் மாமியாரின் முகம் எதற்காக வாடுகிறது என்று அந்தப் பாகு இறுகுவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடந்த ஆகஸ்டில் அம்மா இறந்துவிட்டார்கள். துக்க வீடு என்பதால் இந்த ஆண்டு ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை, புதுத்துணியும் இல்லை. அப்பாவும் நானும் மட்டும் இருக்கிறோம். தெருவெல்லாம் விளக்கு எரியும்போது இந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

தம்பி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஓராண்டு கொண்டாட்டத்தை நிறுத்திவைக்கும் நம் வழக்கத்தைச் சிலர் பழமை என்று ஒதுக்குகிறார்கள். நான் அதை மதிக்கிறேன். சிரிக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அது துக்கப்படுகிறவர்களை விடுவிக்கிறது. ஸ்டார் இல்லாவிட்டாலும் திருவருகைக் காலம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதன் ஊதா நிறம் உங்கள் நிலைக்குப் பொருந்தாததன்று.

லூக்கா நற்செய்தியில் அன்னா என்னும் முதியவரைப் பற்றிச் சில வரிகள் உண்டு. மணமாகி ஏழு ஆண்டுகளில் கணவரை இழந்தவர். 84 வயது என்று எழுதியிருக்கிறது. கோவிலை விட்டு நீங்காமல் இரவும் பகலும் நோன்பிருந்து மன்றாடியவர். குழந்தையைக் கோவிலில் கண்டுகொண்ட மிகச் சிலரில் அவரும் ஒருவர். ஓர் ஆயுள் நீளத்துக்கு இழப்பைச் சுமந்தவரின் கண்ணுக்கு அந்தக் குழந்தை தப்பவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறுதோறும் அம்மாவின் படத்துக்கு முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். கேரல் குழுவினரிடம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால், வாசலில் நின்று ஒரே ஒரு பாட்டை மெதுவாகப் பாடிவிட்டுப் போகும்படி கேட்கலாம். அப்பாவுக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக் கூட்டத்தில் நிற்க மனமில்லையென்றால் காலைத் திருப்பலிக்குப் போங்கள். திரும்பி வந்ததும் அப்பாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நீங்கள் முன்பே கேட்ட கதையாக இருந்தாலும் இடைமறிக்க வேண்டாம். பேசாமல் இருந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள்.