அண்ணாவின்ர பதவி உயர்வு: ஊர் என்ன செய்யலாம்?

தங்கச்சி, 'அண்ணா பொலிஸில 17 வருசம், தமிழெண்டு தள்ளிவிட்டாங்கள், ஊர்ச்சனம் மகஜர் குடுக்கலாமோ' எண்டு கேட்டிருந்தீங்கள். முதல்ல நாளை எண்ணுங்கோ. உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதந்தான். அதுக்குள்ள யாழ்ப்பாணத்து மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில முறைப்பாடு குடுத்தால், விசாரணைக் காலம் அந்த மாதத்தில சேராது. கனபேர் இதைத்தான் கோட்டை விடுறது.

நேர்முகப் புள்ளியை 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில அண்ணாவே கேட்கட்டும். மேன்முறையீடு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு.

மகஜரோ? நூறு கையெழுத்தை ஆர் வாசிக்கிறது! பள்ளிக்கூட அதிபர், சிவில் பாதுகாப்புக் குழுக்காரர் அண்ணா செய்த வேலையைத் திகதியோட தனித்தனியா எழுதட்டும். அண்ணாவைக் கேட்காமல் ஒண்டும் அனுப்பாதேங்கோ, உத்தியோகம் அவரின்ர.