வயிற்றில் புளி கரையும்போது: குடல் எரிச்சல் நோய் பற்றிக் கேள்வி பதில்

ஐ.பி.எஸ். என்றதும் காக்கிச் சட்டை நினைவுக்கு வரும். இது அதுவல்ல, குடல் எரிச்சல் நோய் (Irritable Bowel Syndrome): வயிற்று வலியும், கழிச்சலோ மலச்சிக்கலோவும் திரும்பத் திரும்ப வரும். இந்த நோயாளிகளுக்கு மனநல ஆலோசனை தருபவன் நான். வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

கொலோனோஸ்கோபி (குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற டெஸ்ட்), ஸ்கேன் எல்லாம் நார்மல். "எல்லாம் மனசுதான்"னு டாக்டர் அனுப்பிட்டார். அப்ப என் வலி பொய்யா சார்?

பொய்யே இல்லைங்க. மலக்குடலில் சின்ன பலூனை வைத்து ஊதும் சோதனை ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு உறுத்தாத அளவிலேயே இந்த நோயாளிகளில் பலருக்கு வலித்துவிடும். நரம்புகள் அவ்வளவு கூர்மையாகிவிட்டன. குடல் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் நரம்பணுக்கள். மூளையோடு ஓயாமல் பேசுகின்றன. பயந்தால் குடல் முறுக்கும், முறுக்கினால் பயம் கூடும். 'வயிற்றில் புளியைக் கரைக்குது' என்று சொல்லிவந்த நமக்கு இது புதிதா என்ன?

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறணும்னா முந்தின ராத்திரியே கலக்கல். பட்டினியாத்தான் கிளம்புறேன்.

"அடக்க முடியாது, எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்" என்ற நினைப்பு வந்ததும் காது வயிற்றிலேயே இருக்கும். சாதாரண கடமுடா சத்தம்கூட ஆபத்தாகக் கேட்கும். பட்டினி, முன்கூட்டியே ஒரு மாத்திரை, கழிவறைப் பக்கமாக சீட் எல்லாம் அதிலிருந்து வருபவை. ஒன்றும் நடக்காமல் ஊர் போய்ச் சேர்ந்தாலும் "பட்டினி காப்பாத்துச்சு" என்றுதான் மனசு கணக்கு எழுதும். பயம் சரியா தப்பா என்று பார்க்க வாய்ப்பே கிடைக்காது.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். கிளம்புமுன், என்ன நடக்கும், நூற்றுக்கு எத்தனை நிச்சயம் என்று எழுதுங்கள். திரும்பியதும் நடந்ததை எழுதுங்கள். சென்னை பஸ் இப்போது வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் போதும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் செய்வது ஏறக்குறைய இதுதான். மற்ற மருத்துவத்தில் குணம் தெரியாத 558 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. போனிலும் இணையத்திலும் இதைக் கற்றவர்களுக்கு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட, ஓராண்டு கழித்தும் தொல்லை குறைவாக இருந்தது.

அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்திருக்கார். எனக்கு டிப்ரஷனா?

அவசியமில்லை. அது டிப்ரஷனுக்கும் தரும் மாத்திரைதான். ஆனால் 10 மி.கி. போன்ற சிறிய அளவில் அது வலிச் செய்தியைத் தணிக்கவே தரப்படுகிறது.

மலத்தில் ரத்தம் வருது. டென்ஷன்தானே?

டென்ஷனால் ரத்தம் வராதும்மா. மூலமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எடை குறைந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ, கழிச்சல் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, அதையும் டென்ஷன் என்று விட்டுவிடக் கூடாது. நோட்டை மூடி வையுங்கள், இந்த வாரமே குடல் மருத்துவரைப் பாருங்கள்.