பாஸ் காணொளி பார்த்து விரால் பிடிக்கலாமா?

கேள்வி: பிலியந்தலையில் எங்கள் மாமாவின் காணிக்குள் ஒன்றரை ஏக்கர் அளவில் ஒரு குளம் இருக்கிறது. அமெரிக்காவில் தனியார் ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்து, லூர் என்ற செயற்கை இரைகளும் வாங்கி எறிந்து பார்க்கிறேன். ஒன்றும் அடிக்குதில்லை. அந்த முறைகள் இங்கே சரிவருமா?

பாதி சரிவரும் தம்பி. மற்றப் பாதிதான் உங்களை வெறுங்கையோடு அனுப்புகிறது.

அவர்கள் பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான மீன். உங்கள் மாமாவின் குளத்தில் அந்த இடத்தில் இருப்பது விரால். இரண்டும் சொந்தக்காரர் இல்லை, ஆனால் பிழைப்பு ஒன்று: மறைவில் அசையாமல் கிடந்து, கிட்ட வருவதைப் பாய்ந்து பிடிப்பது. அதனால் எங்கே எறிவது என்று அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். எப்போது எறிவது, அடித்ததும் என்ன செய்வது என்பவற்றை மறந்துவிடுங்கள்.

சின்னக் குளத்தில் மீன் எங்கே இருக்கிறது என்று தேடுவது பெரிய வேலை இல்லை. நீங்கள் வந்தது அதற்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் வேலை. கன பேர் நேராகக் கரை விளிம்புக்குப் போய் நின்று நடுக்குளத்துக்கு எறிவார்கள். விரால் கிடப்பது அவர்களுடைய காலடியில், கரையோரப் புல்லுக்குள். காலடி அதிர்வை மீன் உடம்பின் பக்கக்கோட்டால் உணர்ந்துவிடும், அதோடு அந்தக் கரை முடிந்தது. விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் பின்னால் நின்று, முதல் எறிதலைக் கரைக்குச் சமாந்தரமாக எறியுங்கள். அந்த ஓரத்தைத் தேடி முடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகலாம். வெயில் முதுகில் விழும் பக்கம் நின்றால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும். எதிர்க்கரைக்குப் போங்கள், கண் கூசினால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். விழுந்து கிடக்கும் தென்னங்குற்றி, சாய்ந்த தாழை, மதகு வாய், சல்வீனியா என்ற மிதக்கும் களையின் படை முடிகிற விளிம்பு, இவைதான் இடங்கள். வெறும் திறந்த தண்ணீரில் நேரத்தைக் கரைக்காதீர்கள்.

இனி நேரம். காணொளிகளில் பாதிப் பேச்சு பருவத்தைப் பற்றியது. அங்கே பனிக்காலம் முடிந்து தண்ணீர் 16, 18 பாகை செல்சியசுக்கு ஏறும்போது பாஸ் ஆழம் குறைந்த இடத்துக்கு முட்டையிட வரும். கொழும்புப் பக்கக் குளத்துத் தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. இங்கே நாட்காட்டியை நடத்துவது மழை. கடும் வெயிலுக்குப் பிறகு ஒரு நல்ல மழை பெய்து, வயல் பக்கத்துத் தண்ணீர் குளத்துக்குள் இறங்கும் வாயைப் பாருங்கள். புழுவும் பூச்சியும் தவளையும் அதோடு வரும், விராலும் அங்கே வரும். மழை இல்லாத நாளில் விடிய வெளிச்சம் வரும் நேரமும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் போதும்.

விராலிடம் பாஸுக்கு இல்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. அது காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளுக்கு மேலே அதற்கென்றே ஓர் உறுப்பு உண்டு, மேலே வந்து காற்றெடுக்காமல் அதால் இருக்க முடியாது. களை அடர்ந்த சின்னக் குளத்தில் விடியற்காலையில் ஒட்சிசன் மிகவும் குறைந்திருக்கும். பாஸாக இருந்தால் அப்போது சோர்ந்து கிடக்கும். விராலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்கு லாபம் என்னவென்றால், ‘பளக்’ என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், மீன் தன் முகவரியைத் தானே சொல்லிவிடுகிறது. பதறி வட்டத்தின் நடுவிலேயே போடாதீர்கள், தலையில் கல் விழுந்த மாதிரி ஓடிவிடும். ஒன்றிரண்டு மீற்றர் தாண்டி எறிந்து, அந்த இடத்துக்கு மேலால் இழுத்து வாருங்கள். அடிக்காவிட்டால் லூரை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். கலைக்காவிட்டால் அநேகமாக அதே பக்கத்தில் மறுபடி மூச்செடுக்க வரும்.

லூர் விஷயத்தில் உள்ளே வெற்றான ரப்பர் தவளை ஒன்றே பெரும்பாலும் போதும். இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டியிருப்பதால் சல்வீனியாவுக்கு மேலால் சிக்காமல் வரும். கலங்கல் தண்ணீருக்கு ஒரு ஸ்பின்னர்பெய்ட், அதாவது தகடு சுழலும் லூர், வைத்திருங்கள். மூன்று முள் தொங்கும் கிராங்க்பெய்ட்டை வீட்டிலேயே விட்டுவிடலாம், குளத்தைத் துப்புரவு செய்யத்தான் உதவும். மெதுவாகத் தாழும் ரப்பர் புழு பாஸுக்குப் பேர் போனது. எனக்கு அதில் பிடிப்பில்லை, இங்கே திலாப்பியாக் குஞ்சுகள் வாலைக் கொத்திக் கொத்தியே முடித்துவிடும். நூல் 30 இறாத்தலுக்குக் குறையாத பிரெய்ட், அதாவது பின்னல் நூல். தங்கூசி இழுபடும், களைக்குள் அந்த இழுபாடு மீனுக்குச் சாதகம்.

தவளையை விரால் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும். அந்த வெடிப்புக்கே தடியைச் சுண்டினால் தவளை உங்கள் முகத்துக்குத்தான் வரும். பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும். விரால் முதலில் கடித்துப் பிடித்து, பிறகுதான் உள்ளே வாங்கும். நூலில் பாரம் தெரியும்வரை பொறுங்கள். தெரிந்ததும் தயங்காமல் பலமாக இழுங்கள், களைக்குள் தலையைத் திருப்ப விடாதீர்கள்.

சிவப்புக் குஞ்சுகள் மேற்பரப்பில் கூட்டமாக நொதிக்கிற இடத்தைக் கண்டால் விட்டுவிடுங்கள். தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும், கிட்ட எது போனாலும் அடிக்கும். பிடிப்பது மிக லேசு. ஆனால் ஒன்றரை ஏக்கர் குளத்தில் அந்தச் சோடியைத் தூக்கினால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்குத் தீனி. அமெரிக்காவில் சின்ன ஏரி வைத்திருப்பவர்களிடம் குட்டிப் பாஸ்கள் பெருத்துவிட்டால் பிடித்துத் தின்னச் சொல்வார்கள், இல்லாவிட்டால் எல்லாமே வளராமல் நின்றுவிடும். இங்கே அந்தக் கணக்கு திலாப்பியாவுக்குப் பொருந்தும். 1952இல் நாட்டுக்குள் கொண்டுவந்து விட்ட மீன், அடைத்த குளத்தில் பெருகிப் பெருகி உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். மருமக்களிடம் சின்ன முள்ளும் பாண் உருண்டையும் கொடுத்து அவற்றை அள்ளச் சொல்லுங்கள். அதைத் தின்று குறைக்கிற பெரிய விரால் குளத்திலேயே இருக்கட்டும். வெள்ளவத்தையில் பாரையும் அறக்குளாவும் கிடைக்கும்போது எங்கள் வீட்டில் குளத்து மீனைச் சீண்டுவாரும் இல்லை.

ஓர் இடத்தில் ஒரு மீன் மாட்டினால், விட்டாலும் எடுத்தாலும், அன்றைக்கு அந்த மூலைக்கு ஓய்வு கொடுங்கள். தினமும் போகாதீர்கள்.

வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம். காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் வர அதுவே போதும். பிலியந்தலை என்பதால் இதையும் கேட்கிறேன்: குளத்திலிருந்து பொல்கொடை ஏரிக்கோ வெரஸ் கங்கைக்கோ வாய்க்கால் தொடுப்பு இருக்கிறதா? பொல்கொடையில் முதலை உண்டு. தொடுப்பு இருந்தால், சிக்கிய லூர் எவ்வளவு விலை என்றாலும் நூலை வெட்டிவிடுங்கள், தண்ணீரில் இறங்கி எடுக்க வேண்டாம். மாமாவிடம் விசாரித்துக் கீழே எழுதுங்கள், அதைப் பொறுத்து எந்தக் கரை நல்லது என்று சொல்கிறேன்.