தாமஸ் ரயில் தொடர் கணினி அனிமேஷனுக்கு மாறியதில் ரசிகர்களுக்கு ஏன் இத்தனை வருத்தம்?

அது வெறும் பழைய நினைவின் ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. முகமுள்ள ரயில் எஞ்சின்களே பாத்திரங்களாக வரும் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான ‘தாமஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1984இல் பிரிட்டனில் தொடங்கியபோது, திரையில் ஓடியவை உண்மையான மாதிரி ரயில்கள். ஸ்டூடியோவில் தண்டவாளம் போட்டு, மலையும் நிலையமும் கட்டி, மின்சாரத்தில் ஓடவிட்டுப் படம்பிடித்தார்கள். எஞ்சினின் கண்கள் மட்டும் ரிமோட்டில் அசையும். கோபமோ சிரிப்போ வேண்டுமானால், படப்பிடிப்பை நிறுத்தி முகத்தையே கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும்! வாய் அசையாது, கதைசொல்லியின் குரல்தான் எல்லாப் பாத்திரங்களுக்கும். முதலில் அந்தக் குரல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாருடையது.

தடம் புரண்டால் எடையுள்ள ஒரு பொருள் நிஜமாகவே சாயும். என்னைக் கட்டிப்போட்டது அந்தக் கனம்தான்.

2008இல் மாதிரி ரயில்களின் மேல் கணினியில் வரைந்த முகங்களை ஒட்டினார்கள். பழையதும் புதியதும் ஒட்டாமல் நின்ற அந்தப் பருவம் எனக்குப் பிடிக்கவே இல்லை. 2009இல் வந்த ‘ஹீரோ ஆஃப் தி ரெயில்ஸ்’ படம் முழுக்கக் கணினியில் உருவானது.

மாற்றத்தால் லாபமும் உண்டு. வாய் அசைந்தது, ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனிக் குரல் கிடைத்தது, பொம்மைகளாக நின்ற மனிதர்கள் நடந்தார்கள். இன்றைய குழந்தைக்கு அது போதும். ஆனால் சக்கரத்தடியில் படிந்த தூசியையும் பெயின்ட் உரிந்த ஓரத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பளபளப்பு அந்நியமாகவே இருக்கிறது.