படகு கரை சேரும் நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறதா?

கேள்வி: இராமேசுவரத்தில் இறால், நண்டு, கணவாய் வாங்கி ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்பும் கம்பெனி நடத்துகிறோம். கொள்முதல் கொட்டகையில் எடை மெஷினோடு இணைத்த கணினி ஒன்றும், அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் கணினிகள் ஐந்தும் உள்ளன. சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை அதிகாலை, சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது எடைக் கணினி தானாக அப்டேட்டுக்குப் போய்விட்டது. முக்கால் மணி நேரம் துண்டுச் சீட்டில் எடை எழுதினோம். அப்டேட்டையே அடியோடு நிறுத்திவிடலாம் என்கிறார் பழுது பார்ப்பவர். விண்டோஸ் 10 உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்று மட்டும் இப்படித் தொல்லை தருவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: வியாழக்கிழமை என்று குறிப்பிட்டிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மைக்ரோசாப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. இந்திய நேரப்படி அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. புதன்கிழமை முழுவதும் கணினி அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, யாரும் வேலை செய்யாத நேரம் எது என்று பார்த்திருக்கும். விண்டோஸில் வேலை நேரம் என்று முதலில் அமைந்திருப்பது காலை 8 முதல் மாலை 5 வரை. அதற்கு வெளியே உள்ளதெல்லாம் அதன் கணக்கில் ஓய்வு நேரம். உங்கள் ஊர் விசைப்படகுகளோ திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேர்பவை. ஆக, புதனன்று இறங்கிய அப்டேட்டும் வியாழன் அதிகாலைப் படகுகளும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன.

எனவே முதலில் மாற்ற வேண்டியது இந்த நேரக் கணக்கைத்தான். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதனுள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அங்கே ஆக்டிவ் ஹவர்ஸ் என்று இருக்கும். அதைத் தானியங்கி நிலையிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, அதிகாலை 2 மணி முதல் இரவு 8 மணி வரை என்று கொடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரமே அனுமதி. அதை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதே இடத்தில், ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிக்கச் சொல்லும் பொத்தானை இயக்கிவிட்டு, விண்டோஸ் அப்டேட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, புதிய அப்டேட்டுகளை மற்றவர்களுக்கு முன்னதாகப் பெறும் பொத்தானை அணைத்துவிடுங்கள். கொட்டகைக் கணினிக்கு முந்திக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இத்தனை செய்த பிறகும் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரவு கடை கட்டும்போது 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்பதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நிறுவும் வேலையின் பிற்பகுதி பெரும்பாலும் கணினி மறுபடி உயிர் பெறும்போதுதான் நடக்கும். அதாவது மறுநாள் அதிகாலை, எடை போட ஆள் வந்து நிற்கும்போது திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும். அப்டேட் காத்திருக்கும் நாளில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுத்து, உள்நுழையும் திரை வரும்வரை இருந்து, அதன் பிறகு அணைக்க வேண்டும்.

அடியோடு நிறுத்தும் யோசனையை நான் ஏற்கவில்லை. விண்டோஸ் அப்டேட் சேவையை முடக்கினாலும் விண்டோஸ் பல நேரங்களில் தானே அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடைப்பட்டது, ஏறத்தாழ நம் கரையின் மீன்பிடித் தடைக்காலம் நீளும் அளவு. அத்தனை நாளும் அப்டேட் செய்யாதிருந்த கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. அந்த வைரஸ் கோப்புப் பகிர்வு வழியாகவே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது என்பதையும், ஒரே டேலி கணக்கைப் பல கணினிகளில் திறந்து வைத்து வேலை செய்வதும் அத்தகைய பகிர்வுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தள்ளிப்போடுவது வேறு, நிறுத்துவது வேறு. இரண்டாம் செவ்வாய்க்கு முன்பே எடைக் கணினியில் மட்டும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'பாஸ்' (Pause) கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். ஐந்து வாரம் வரை இதற்கு இடம் உண்டு. வியாழன் சரக்கு லாரி ஏறிய பிறகு, பிற்பகலில் அலுவலகக் கணினி ஒன்றில் முதலில் அப்டேட்டை ஏற்றி, டேலி, பிரிண்டர், வங்கித் தளம் ஆகியவை வழக்கம்போல் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு, வெள்ளியன்று மற்றவற்றைச் செய்யுங்கள். விசைப்படகுச் சரக்கு வராத வெள்ளிக்கிழமைதான் உங்களுக்கு ஏற்ற நாள்; ஜும்ஆ தொழுகைக்காகக் கணக்குப் பிரிவு எழுந்து போகும் நேரமே பல கணினிகளுக்குப் போதும். டேலி தரவு இருக்கும் கணினியை மட்டும், மற்ற எல்லோரும் வெளியேறி, பேக்கப் எடுத்த பிறகே ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்றில் சோதித்துப் பிறகு பரப்பும் இந்த ஒழுங்கு வீண் ஜாக்கிரதை அல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. (அது விண்டோஸ் அப்டேட் அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.)

உங்கள் கணினிகளில் இருப்பது ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்று பாருங்கள். புரோவாக இருந்தால் குரூப் பாலிசி என்ற அமைப்புப் பகுதியில், அப்டேட்டைப் பதிவிறக்கி வைத்து, நிறுவுவதற்கு முன் உங்களைக் கேட்கும்படி அமைக்கலாம். விண்டோஸ் அப்டேட் வழியாக டிரைவர்கள் (இணைத்த கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்கள்) வராமலும் தடுக்கலாம். எடை மெஷின் இணைந்த கணினிக்கு இந்த இரண்டாவது அமைப்பு மிகவும் பயன்படும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்தால், நடுவில் மின்சாரம் போய்விடாதிருக்க, யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அதை நினைக்கவும் வேண்டாம்.

தொல்லை தராத அந்தப் பழைய கணினியைப் பற்றி: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மைக்ரோசாப்டின் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் (ESU) பதிவு செய்யாத கணினிக்கு மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் வருவதே இல்லை. அதன் அமைதிக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அதை விண்டோஸ் 11க்கு மாற்ற இயலுமா என்று பாருங்கள். இயலாதெனில், நீட்டிப்பில் சேர்க்கும் வரை வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

வெள்ளிக்கிழமை எடைக் கணினியில் கை வைக்கும் முன், டிவைஸ் மேனேஜரில் எடை மெஷினுக்குரிய காம் போர்ட் (மெஷின் இணைந்திருக்கும் வாயில்) எண்ணைக் குறித்து மேசையில் ஒட்டி வையுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு எடை திரையில் விழவில்லை என்றால் முதலில் அந்த எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எண் சரியாக இருந்தும் எடை வரவில்லை என்றால், அப்டேட் ஹிஸ்டரியின் கீழே உள்ள அன்இன்ஸ்டால் வழியாக அந்த ஒரு அப்டேட்டை மட்டும் நீக்கி, மறுபடி பாஸ் கொடுத்துவிட்டு, எடை மெஷின் விற்றவரிடம் புதிய டிரைவர் கேளுங்கள். ஞாயிறு அதிகாலைச் சரக்குக்கு முன் அதைச் செய்து முடிக்க உங்களுக்குச் சனிக்கிழமை ஒரு நாள் இருக்கிறது.