பைக்கில் பாட்டுச் சத்தம் போதவில்லை: ஆம்ப்ளிஃபையரை மாற்றுவதா, ஸ்பீக்கரையா?

ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடில் நெடுஞ்சாலை வேகத்தைத் தொட்டதும் பாட்டு காற்றிரைச்சலில் மூழ்கிவிடுகிறது, அதிக வாட் ஆம்ப்ளிஃபையர் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. வாட்டை இருமடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் உயரும்; காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் தருகிறது என்ற உணர்திறன் அளவைப் பார்த்து, அது அதிகமுள்ள, மழைநீரைத் தாங்கும் ஸ்பீக்கரை முதலில் பொருத்துங்கள். 87 டெசிபலுக்குப் பதில் 93 டெசிபல் ஸ்பீக்கரைப் பொருத்துவது, வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். புது ஸ்பீக்கரின் ஓம் மதிப்பு (மின்தடை அளவு), ஆம்ப்ளிஃபையர் தாங்கும் குறைந்த அளவுக்குக் கீழே இருக்கக் கூடாது. அதன் பிறகும் ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டால், 12 வோல்ட்டில் 400 வாட் பெற 33 ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதால், தடித்த வயரைப் பேட்டரியிலிருந்தே நேராக இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வையுங்கள். இதில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.